முதல் வீடு

ஏல்டர்லோ,
டிசம்பர், முதல் பனி விழுந்த செவ்வாய்

அன்பு மகள் யோலீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வெலிங்டன் காற்று இந்த வருடமாவது உன் குடையை விட்டுவைத்ததா? இங்கே என் முழங்கால் பழையபடிதான். மற்றதெல்லாம் நலம். மூன்று வருடமாக இந்தக் கடைசி வரியை எழுதாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்; நீயும் கவனித்திருப்பாய். இன்று எழுத முடிகிறது. எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் அப்பா அதே அறையில்தான், செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம்கூடத் திருப்புவதில்லை. அவரை வைத்துக்கொண்டு அவர் கதையை எப்படிச் சொல்வது?

நம்மோடே இருந்த டெர்க் பெரியப்பா தூக்கத்திலேயே போனதை அன்றே உனக்குச் சொன்னேன். நீ அனுப்பிய வெள்ளைப் பூக்கள் கடைசிவரை பெட்டியின் மேல்தான் இருந்தன. ஆனால் அந்தச் சாவைச் சுற்றி நடந்தது எதையும் சொல்லவில்லை. அது எப்படி முடியும் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. போன வாரம்தான் முடிந்தது. ஆசிரியை புத்தி போகவில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன். தெரிந்த பாடம் வந்தால் பொறுத்துக்கொள்.

அகதிகள் வேண்டாம் என்கிற அந்தக் கட்சியில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்பா, "ஒண்ணும் பெருசா இல்ல, நாற்காலி போடறேன்" என்பார். நான் நான்காம் வகுப்பில் நாடகம் போடுவேனே, அதில் எப்போதும் மேடையேற மறுக்கும் ஒரு பையன் இருப்பான். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் வசனம் எடுத்துக் கொடுப்பான். கைதட்டல் ராஜாவுக்கு, ராஜாவுக்கோ ஒரு வரிகூட மனப்பாடம் இருக்காது. பதினோரு வருடமாக அப்பா அந்தப் பையன். மண்டபம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, அனுமதியை வேறொருவர் பெயரில் வாங்குவது, ஹேக் நகரத்திலிருந்து வரும் தலைவர் முழங்க வேண்டிய வரியைச் சமையலறை மேசையில் எழுதுவது எல்லாம் அவர். கூட்டத்துப் புகைப்படம் ஒன்றில்கூட அவர் முகம் இருக்காது. மூன்று வருடத்துக்கு முன் என் பிறந்தநாளில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மடியில் கேக் தட்டு வைத்திருந்தபோது நீ சொன்னாயே, "மேடையில கத்தறவருக்காவது தைரியம் இருக்குப்பா. நீங்க எழுதிக் குடுத்துட்டு இருட்டுல நிக்கறீங்க" என்று. அன்றைக்குப் பிறகு அவர் உன்னிடம் போனில் வரவில்லை. நீயும் அவரைக் கேட்கவில்லை.

சரி. பக்கத்து லாமர்ஸ் தம்பதி முதியோர் குடியிருப்புக்குப் போனதும் அந்த வீடு நகராட்சி வழியாக ஓர் அகதிக் குடும்பத்துக்குப் போயிற்று. நிஸார், அவர் மனைவி ஹைஃபா. ஹோம்ஸ் நகரத்தில் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தவர். எதிர்வீட்டு தீனி வோல்ட்டர்ஸின் மகன் ரிக் நகராட்சி வீட்டுக்காகப் பெயர் பதிந்து வருடக்கணக்கில் காத்துக்கொண்டு, கல்யாணமான பிறகும் தாய் வீட்டுக் கொல்லையில் கூண்டு வண்டியில் குடியிருக்கிறான். குளிர்காலத்தில் அவன் பெண்டாட்டி குளிக்க மாமியார் வீட்டுக்குத் துண்டோடு ஓடுவதை நான் ஜன்னலில் பார்க்கிறேன். ஆகவே தெருவின் கோபம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். கணக்கில் முதல் வரி சரியாக இருக்கும், இரண்டாம் வரியில் பிள்ளை தவறான எண்ணைக் கடன் வாங்கிவிடும், விடை எங்கோ போய் நிற்கும். அப்படித்தான் இதுவும்.

நான் செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் ஹைஃபாவுக்கு நம் மொழி சொல்லிக்கொடுத்தேன். அப்பாவுக்கு வியாழக்கிழமை கட்சிக் கூட்டம். என் செவ்வாயை அவர் கேட்க மாட்டார், அவருடைய வியாழனை நான் கேட்க மாட்டேன். அப்படி ஒரு உடன்பாட்டில் வண்டி ஓடியது.

கோடையில் அப்பா ஒரு சிறு பிரசுரம் எழுதினார். வழக்கம்போலப் பெயர் போடாமல். பக்கத்து வீட்டு முறையைப் பற்றியது. ஒட்டிய பக்கத்து வீடுதான் முதல் வீடு; லாமர்ஸுக்கு நாம், நமக்கு லாமர்ஸ் இருந்த மாதிரி. பிள்ளை பிறந்தாலும் ஆள் இறந்தாலும் முதல் தகவல் அங்கே போக வேண்டும். இறந்த வீட்டார் எதையும் தொடக் கூடாது, முதல் வீட்டுக்காரர் வந்து பொறுப்பெடுத்து வீடுவீடாகச் சொல்லி, பெட்டிக்கு முன்தோள் கொடுக்கும்வரை எல்லாம் அவர் கையில். அவரைத் தாண்டிக்கொண்டு இரண்டாம் வீடு வந்தால் அவமரியாதை. இவ்வளவும் உண்மை, இன்றும் நம் தெருவில் உண்டு. ஆனால் அப்பா அழகுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தார். சாவு வீட்டில் கடிகாரத்தை நிறுத்துவது, கண்ணாடிக்குத் துணி போடுவது, தேனீக்களிடம் போய் எஜமானர் இறந்த செய்தியைச் சொல்வது. இதையெல்லாம் செய்து எத்தனையோ காலமாயிற்று. கடைசிப் பக்கத்தில்தான் விஷயம். வெளியிலிருந்து வந்தவனால் இதெல்லாம் ஆகுமா, உங்கள் பக்கத்து வீட்டில் யார் இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று.

பிரசுரம் வீடுவீடாகப் போயிற்று. ஆனால் நம் தெருவில் யார் தபால் பெட்டியைப் பார்த்தாலும் 'விளம்பரத்தாள் வேண்டாம்' என்ற ஸ்டிக்கர்தான், நம் பெட்டியையும் சேர்த்து. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி நிஸாருடையது மட்டும். எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அக்டோபரில் கட்சிக்காரர்கள் நிஸார் வீட்டுக்குத் தீப்பந்த ஊர்வலம் நடத்தத் தீர்மானித்தார்கள். ஒரு சனிக்கிழமை மாலை. வெளியூரிலிருந்து பேருந்தில் ஆட்கள். ஏற்பாடு முழுவதும் அப்பா. பந்தங்கள் பெட்டி பெட்டியாக நம் கொட்டகையில் வந்து இறங்கின. ஹைஃபா அப்போதே கர்ப்பம். நான் அப்பாவிடம் சொன்னேன், "நான் உங்கள ஒண்ணும் தடுக்கப் போறதில்ல. ஆனா அந்த வாசப்படியில ஹைஃபா பக்கத்துல நான் நிப்பேன். அப்புறம் இந்த வீட்டுக்கு வருவேனான்னு தெரியாது." அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "நீ அங்க நின்னா நான் என்ன பண்றது?" என்றார். அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்றேன். நாற்பத்தோரு வருடக் கல்யாணம், யோலீன். பெட்டியில் இரண்டு உடுப்பு எடுத்தும் வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலையில், டெர்க் காப்பிக்கு வரவில்லை. மற்றது உனக்குத் தெரியும். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சாவு வீட்டு அடையாளமாகத் திரைகளை மூடினேன். அதற்குமேல் நாங்கள் எதையும் தொடக் கூடாது. முதல் வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றார். கழற்றினார். மறுபடி போட்டார். கரும்பலகை முன் நிற்கும் பிள்ளைக்கு விடையைச் சொல்லிவிடக் கூடாது. நடுவில் தீனி போன் செய்தாள். "டீச்சர், டாக்டர் வண்டி நின்னுச்சே, டெர்க்கா? ஐயோ. நான் ரொட்டிய அடுப்புல போட்டுட்டேன், ஆனா எப்படி வர்றது? முதல் வீடு வரலியே. அவங்கள முதல் வீடுன்னு சொல்றதா, வேணாமா? வெஸ்ஸல் என்ன சொல்றார்?" உன் அப்பா வெஸ்ஸலோ, முறையைப் பற்றிப் புத்தகமே போட்டவர், அண்ணன் உள்ளே குளிர்ந்து கிடக்க, கோட்டுப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சனிக்கிழமை ஊர்வலத்தையும் மீறி.

அப்போது பின்கதவு தட்டும் சத்தம். வந்தது நிஸார். எப்போதும் முன்வாசல் மணியைத்தான் அடிப்பார். பின்கதவு வீட்டாருக்கும் தெருக்காரருக்கும், முன்வாசல் அந்நியருக்கும் சவப்பெட்டிக்கும் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கோட்டு. கையில் அப்பாவின் பிரசுரம், பிளாஸ்டிக் உறைக்குள். ஒவ்வொரு வரிக்கும் பென்சில் கோடு, அதற்கு மேலே பொடிப்பொடியாக அரபு எழுத்து. மொழித் தேர்வுக்கு அதைத்தான் படித்திருக்கிறார். உன் அப்பா எழுதியதை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை, நான் உட்பட.

"திரை மூடியிருந்துச்சு. அதனால வந்தேன்" என்றார். அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கடைசிப் பக்கமும் படிச்சீங்களா?" என்று கேட்டார். நிஸார், "படிச்சேன் ஐயா. எங்களால இதெல்லாம் ஆகாதுன்னு போட்டிருக்கு. சரியா தப்பான்னு பாத்துரலாம்னுதான் வந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் சும்மா சொன்னதும் இல்லை.

அதன்பிறகு என்னென்ன நடந்தது என்கிறாய்! நேராகப் போய்ச் சமையலறைக் கடிகாரத்தை நிறுத்தினார். கூடத்துக் கண்ணாடிக்கு என் இஸ்திரித் துணியைப் போட்டார். அதெல்லாம் இப்போது யாரும் செய்வதில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பா கண்ணைக் காட்டினார். கடிகாரம் நின்றுபோனதில் நான் அடுப்பில் வைத்த முட்டை கல்லாகிவிட்டது. பெரியப்பாவின் தேன்கூடுகளுக்கு முன்னால் போய் ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, முதலில் நம் மொழியில் சொன்னார், நம்பிக்கை வராததுபோல் அரபியிலும் ஒரு தடவை சொன்னார். அப்பா கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டெர்க் இறந்ததற்கு அவர் அழுதது அப்போதுதான்.

சவப்பெட்டி வைக்கும் மரக்கால்கள் கொட்டகையில் இருந்தன. அதை எடுத்து வருவதும் முதல் வீட்டின் வேலை. மரக்கால்களுக்கு முன்னால் தீப்பந்தப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டி மேலேயே பந்தத்தின் படம் அச்சடித்திருக்கும், படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். நிஸார் முதல் பெட்டியைத் தூக்கினார். நெஞ்சோடு அணைத்தபடி திரும்பி, "ஐயா, இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா போய் அந்தப் பெட்டியின் அடியில் தானும் கை கொடுத்தார். இரண்டு பேருமாக எல்லாவற்றையும் மூலையில் கொண்டுபோய், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.

நிஸார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவு சொல்லப் போனார். சொல்ல வருகிறவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் நமக்கு உண்டா? சனிக்கிழமை பந்தம் தூக்க ஒப்புக்கொண்ட வீடுகளிலும் அவர் உட்கார்ந்து காப்பி குடித்தார். தீனி பிறகு என்னிடம் சொன்னாள்: "ரெண்டாவது கப் வேணாம்னு சொல்லத் தெரியல டீச்சர் அந்த மனுஷனுக்கு. என் வீட்டுக்கு வர்றப்ப முகமே வெளிறிப் போச்சு. கழிப்பறை எங்கன்னு கேட்டார். நான் ரிக்கோட பந்தக் கணக்கப் பேசிட்டிருந்தேன், அப்படியே நிறுத்திட்டேன். கழிப்பறையில எல்லார் பிறந்தநாளும் எழுதி மாட்டின காலண்டர் இருக்குல்ல, வெளிய வந்து, 'அடுத்த வாரம் உங்க பிறந்தநாளா, வாழ்த்துகள்'னு வேற சொல்றார்!"

மாலையில் ஹேக்கிலிருந்து போன். அப்பா நின்றபடியே பேசினார். "சாவு விழுந்த தெருவுல ஊர்வலம் கிடையாது" என்றார். அங்கிருந்து என்னவோ சொல்ல, "ஒரு வாரமெல்லாம் பத்தாது. துக்கம் ஆறு வாரம். பிரசுரத்துல போட்டிருக்கே, படிக்கலியா?" என்றார். சனிக்கிழமை கழிந்தது. நான் பெட்டியிலிருந்த உடுப்பை வெளியே எடுக்கவில்லை. தள்ளி வைத்த பரீட்சை ரத்தான பரீட்சை ஆகாது, பிள்ளைகளுக்கே தெரியும்.

அடக்கத்தன்று நிஸாருக்கு முன்தோள். மறுபக்க முன்தோள் தீனியின் புருஷன். அவன் கொக்கு, நிஸார் குள்ளம். பெட்டி சாய்ந்தது. தீனி தன் சால்வையை மடித்து நிஸாரின் தோளில் வைத்தாள், "இப்ப சமமா இருக்கு, நடங்க" என்று. பிறகு மண்டபத்தில் காப்பியும் திராட்சை ரொட்டியும். "பன்றிக்கறி இல்லாத தட்டு இது. யாரும் கை வைக்கக் கூடாது, முதல் வீட்டுக்கு!" என்று அவள்தான் காவல் நின்றாள். ரிக் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லையே.

அந்த மேசையில்தான் அப்பா கேட்டார். "புதுசா வந்தவங்கள விருந்து வச்சு சேத்துக்கிட்ட பிறகுதான் முறை ஆரம்பிக்குது. நாங்க உங்கள சேத்துக்கவே இல்ல. உங்களுக்கு ஒரு கடமையும் இல்ல. அப்ப ஏன் வந்தீங்க?" நிஸார் ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னார், "சேத்த பிறகு சாகுங்கன்னு பெரியவர்கிட்ட சொல்ல முடியாதே ஐயா." பக்கத்து மேசைவரை சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அப்பா, "அத எழுதினது நான்தான்" என்றார். இத்தனை பேர் நடுவில், தன் குரலில், முதல் தடவையாக. நிஸார் சொன்னார், "தெரியும். நோட்டீஸ் கட்டு இறங்கினப்பவும் ஜன்னல்ல நின்னேன். அந்தப் பெட்டிங்க இறங்கினப்பவும் நின்னேன்."

அடுத்த ஞாயிறு அப்பா தெருவைக் கூப்பிட்டு அவர்களை முறையோடு சேர்த்துக்கொண்டார். ஒரு மேசையில் மதுக் குப்பி, இன்னொன்றில் ஹைஃபாவின் தேநீர். கட்சிக்கு இது தெரியாது.

ஆறு வாரம் போன வியாழனோடு முடிந்தது. போன் வந்தது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், கத்தி கையிலேயே நின்றது. அப்பா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "இல்ல. அது இப்ப என்னோட முதல் வீடு. அங்க யாராவது நெருப்பு கொண்டுவந்தா, வாளியோட ஓட வேண்டியது நான்தான். நானே கொளுத்தி நானே அணைக்க முடியாது." எதிர்முனையில் சத்தம். "அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார். மறுநாள் ஒரு வேன் வந்து பந்தங்களை எடுத்துக்கொண்டு போயிற்று. வேன் திரும்பியதும் நான் மாடிக்குப் போய் அந்த இரண்டு உடுப்பையும் அலமாரியில் வைத்தேன். வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன், யோலீன். சும்மா உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடுவது இவ்வளவு சுலபமான வேலையா என்று இருந்தது.

அப்பா மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். செய்தி பார்க்கும்போது இன்னும் உறுமுகிறார். தேர்தலில் எந்தப் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் தீட்டுவார் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் ரிக்குக்கு வீடு வேண்டும் என்று நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். யாரையும் திட்டாமல், வீட்டைப் பற்றி மட்டும். அடியில் வெஸ்ஸல் நைகாம்ப் என்று கையெழுத்துப் போட்டார். பேனா அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போட்டார்.

வியாழக்கிழமைகளில் இப்போது அவருக்குப் போக இடமில்லை. கொட்டகையில் கிடக்கிறார். ஹைஃபாவுக்குப் பிப்ரவரி கடைசியில் பிள்ளை பிறக்கும். பிறந்தால் முதல் வீடு என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஆள் நீளத் திராட்சை ரொட்டியை ஏணியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நீ பிறந்தபோது லாமர்ஸ் தூக்கி வந்த அதே ஏணியைப் பரணிலிருந்து இறக்கி, உளுத்த படி ஒன்றை மாற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முன்முனை அவர். பின்முனைக்குத் தானே வருவதாகத் தீனியின் புருஷன் நேற்று சொன்னான். அப்பா தேய்ப்பதை நிறுத்தாமலே, "வேணாம், அதுக்கு ஆள் இருக்கு" என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. என் முழங்காலை வைத்துக்கொண்டு என்னைச் சொல்லியிருக்க மாட்டார். அவன் போன பிறகு, உன் பழைய தோட்டத்துக் கையுறை எங்கே என்று என்னைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இப்போது அது பின்முனையில் மாட்டியிருக்கிறது.

குளிரும் காற்றும் உன்னை அண்டாமல் இருக்கட்டும், கண்ணே. வழிகளெல்லாம் உனக்குத் திறந்தே இருக்கட்டும். நம் பின்கதவை நான் பூட்டுவதில்லை.

உன் அம்மா,
ஹெர்மீன்